படுத்துக் கிடக்கும் புலம்

ஒரு தையல் ஊசியை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு, அது சமமாக நிற்கும்வரை முடிச்சை இங்கும் அங்கும் நகர்த்திச் சரிசெய்யுங்கள். பிறகு முடிச்சு அசையாமல் பிடித்துக்கொண்டு, பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தால் ஊசியை ஒரே திசையில் முப்பது நாற்பது தடவை தேய்த்து மறுபடியும் தொங்கவிடுங்கள். இதை லண்டனில் செய்தால் ஊசியின் வடமுனை தரையைக் குத்தப்போவதுபோல 66 பாகை கீழே சாயும். மலேசியாவின் மலாக்காவில் செய்தால் ஊசி வடக்கு தெற்காகத் திரும்பி, ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். உற்றுப் பார்த்தால் வடமுனை மட்டும் கொஞ்சம் தலைதூக்கியிருக்கும். 13 பாகை அளவுதான்.

பூமியின் காந்தப்புலம் முற்றிலும் கிடைமட்டமாக இருக்கும் கோட்டைக் காந்த நடுக்கோடு என்கிறோம். உலக உருண்டையில் வரைந்திருக்கும் நிலநடுக்கோடு வேறு, இது வேறு. நம் பக்கத்தில் இது ஏறக்குறைய எட்டாவது வட அகலாங்கையொட்டி, தமிழ்நாட்டின் தென்முனை, இலங்கை, தென் தாய்லாந்து என்று ஓடுகிறது. மலாக்கா அதற்கு 600 கி.மீ. சொச்சம் தெற்கே இருப்பதால்தான் வடமுனைக்கு அந்தச் சிறு தூக்கல். புலத்தின் வலிமை சுமார் 42 மைக்ரோடெஸ்லா. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைக்கும் காந்தத்தோடு ஒப்பிட்டாலே நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் குளிர்பெட்டிக் காந்தத்தின் புலம் ஒரு விரற்கடையில் முடிந்துவிடும். பூமியின் புலம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரந்தது. மலாக்கா மாநிலத்துக்குள் ஜாசினிலிருந்து அலோர் காஜா வரை நடந்தாலும் அது மாறியதாகத் தெரியாது. இயற்பியல் பாடநூல் ‘சீரான காந்தப்புலம்’ என்று எழுதிக் காகிதத்தில் இணைகோடுகள் வரைகிறதே, அந்தப் படத்துக்குள்தான் மலாக்காக்காரர்கள் குடியிருக்கிறார்கள்.

இந்தப் புலத்துக்குள் மின்னூட்டம் உள்ள ஒரு துகள் வந்தால் என்ன ஆகும்? அசையாமல் நின்றால் ஒன்றும் ஆகாது. புலத்தின் திசையிலேயே, வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ ஓடினாலும் ஒன்றும் ஆகாது. புலத்தைக் குறுக்கே வெட்டினால்தான் விசை எழும். அந்த விசை புலத்துக்கும் செங்குத்து, துகள் ஓடும் திசைக்கும் செங்குத்து. முன்னே தள்ளாது, பின்னே இழுக்காது. எப்போதும் பக்கவாட்டில்தான் பிடிக்கும். ஆகவே துகளின் வேகம் இம்மியும் கூடாது, குறையாது. திசை மட்டும் திரும்பிக்கொண்டே இருக்கும். டச்சு இயற்பியலர் லோரென்ட்ஸ் 1890-களில் வகுத்த விதி இது. பாதி பேர் இதைத் தப்பாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். காந்தம் துகளை ‘இழுக்கிறது’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது இழுப்பதில்லை, திருப்புகிறது.

மலாக்காவில் புலம் வடக்கே பார்த்திருக்கிறது. வானத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் ஒரு புரோட்டானை இந்த விதி கிழக்கே திருப்பும், ஜாசின் பக்கமாக. எதிர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரானை மேற்கே திருப்பும், நீரிணையைத் தாண்டிச் சுமத்ராவை நோக்கி.

இதை வீட்டுக்குள்ளேயே பார்த்த தலைமுறை ஒன்று உண்டு. மலேசியாவுக்குத் தொலைக்காட்சி வந்தது 1963 டிசம்பர் 28-இல். தட்டைத் திரை வரும்வரை வீடுகளில் இருந்ததெல்லாம் முதுகு புடைத்த கண்ணாடிக் குழாய்ப் பெட்டி. அதன் பின்கழுத்திலிருந்து எலக்ட்ரான்கள் 20,000 வோல்ட் அளவு அழுத்தத்தில் திரையை நோக்கிப் பாயும். கழுத்தில் சுற்றிய கம்பிச்சுருள் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி அந்தக் கற்றையை இடமும் வலமும், மேலும் கீழும் திருப்பிப் படத்தைத் தீட்டும். பெட்டிக்குள்ளே இருந்த காந்தத்தைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். வெளியே இருந்த காந்தம், அதாவது பூமி, என்ன செய்தது என்பதுதான் எனக்குச் சுவையான கேள்வி.

கணக்கு எளிது. 20,000 வோல்ட்டில் பாயும் எலக்ட்ரான் 42 மைக்ரோடெஸ்லா புலத்தைக் குறுக்கே வெட்டினால், அது வளையும் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 11 மீட்டர். குழாய்க்குள் அது ஓடும் தூரமோ 30 சென்டிமீட்டர். அந்தச் சின்ன ஓட்டத்துக்குள் நேர்கோட்டிலிருந்து 4 மில்லிமீட்டர் விலகிவிடும். மலாக்காவில் பெட்டியின் திரை கிழக்கே பார்த்திருந்தால் கற்றை 4 மில்லிமீட்டர் கீழே இறங்கும். மேற்கே பார்த்தால் அதே அளவு மேலே ஏறும். வடக்கோ தெற்கோ பார்த்து வைத்தால் எலக்ட்ரான் புலத்தின் வழியிலேயே போகிறது. மிஞ்சுவது அந்த 13 பாகைச் சாய்வு தரும் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டு விலகல் மட்டும். லண்டனில் நிலைமை வேறு. அங்கே புலம் தரையைத் துளைத்து இறங்குவதால், பெட்டியை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் படம் பக்கவாட்டில் நகர்ந்தே தீரும்.

கருப்பு வெள்ளைப் பெட்டியில் 4 மில்லிமீட்டரை யார் கண்டார்கள். வண்ணப் பெட்டியில் விஷயம் தீவிரமானது. மூன்று கற்றைகளும் ஒரு துளைத்தகட்டின் ஊடாக, சரியான கோணத்தில் புகுந்து, சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைத் தனித்தனியே தாக்க வேண்டும். கோணம் துளி மாறினால் சிவப்புக்கான கற்றை பச்சையைத் தொட்டுவிடும். திரையின் மூலையில் ஊதாத் திட்டு விழும். பெட்டியைப் போட்டதும் ‘தும்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, துளைத்தகட்டில் ஏறிய பழைய காந்தத்தன்மையை அழிக்கும் சுருளின் உறுமல் அது. வட அரைக்கோளத்துக்கு ஒரு வகை, தென் அரைக்கோளத்துக்கு ஒரு வகை, நடுக்கோட்டுப் பகுதிக்கு ஒரு வகை என்று குழாய்களைத் தனித்தனியாகச் சரிக்கட்டி அனுப்பிய தயாரிப்பாளர்களும் இருந்தார்கள்.

குழாய்க்குள் எலக்ட்ரானுக்கு 30 சென்டிமீட்டர்தான் கிடைத்தது. இடம் தாராளமாகக் கிடைத்தால் அது முழு வட்டம் போடும். பக்கவாட்டு விசை ஓயாமல் ஒரே அளவில் திருப்பிக்கொண்டிருந்தால் பாதை வட்டமாகத்தான் மூட வேண்டும். குறுக்கே ஓடுவதோடு புலத்தின் வழியிலும் கொஞ்சம் வேகம் இருந்தால் வட்டம் நீண்டு சுருளாகிவிடும்: ரப்பர் மரத்துப் பட்டையைச் சுற்றிச் சரிந்து இறங்கும் பால்வெட்டுக் கோடுபோல. மரம் நிற்கும் திசைதான் புலத்தின் திசை.

இங்கே ஒரு விந்தை ஒளிந்திருக்கிறது. வேகமான துகள் பெரிய வட்டம் போடும், மெதுவானது சிறிய வட்டம் போடும். ஆனால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் இரண்டுக்கும் ஒன்றே. வேகம் இரண்டு மடங்கானால் சுற்றளவும் இரண்டு மடங்காகிறது, கணக்கு நேராகிவிடுகிறது. சுற்று நேரத்தை முடிவுசெய்பவை புலத்தின் வலிமையும், துகளின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதமும் மட்டுமே. 1930-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் எர்னஸ்ட் லாரன்ஸ் சைக்ளோட்ரான் கருவியைக் கட்டியது இந்த ஒரே உண்மையை நம்பித்தான். துகளின் வேகம் ஏற ஏற வட்டம் விரிந்தாலும் தாளம் மாறாது. அதனால் ஒரே அதிர்வெண்ணில் தட்டிக்கொண்டே இருக்கலாம். ஒளியின் வேகத்தை நெருங்கும்போது இந்தச் சலுகை போய்விடும். அது வேறு கதை.

மலாக்காவின் புலத்தில் இந்தத் தாளம் எவ்வளவு? புரோட்டானுக்கு நொடிக்கு 640 சுற்று. எலக்ட்ரான் 1,836 மடங்கு இலேசானது. அதற்கு நொடிக்குச் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் சுற்று. தரையிலிருந்து 100 கி.மீ. மேலே போனால் புலம் சற்றுத் தளர்ந்து இது 11 லட்சத்து 20 ஆயிரமாகும். அதிர்வெண்ணாகச் சொன்னால் 1,120 கிலோஹெர்ட்ஸ்.

பழைய வானொலிப் பெட்டியின் முகப்பு ஞாபகம் இருப்பவர்களுக்கு இந்த எண் உறுத்த வேண்டும். மத்திய அலை வரிசை 530-இல் தொடங்கி 1,600-இல் முடியும். 1,120 அதன் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது.

ரப்பர் தோட்டத்தில் வானொலி சாதாரணப் பொருளாக இருக்கவில்லை. மலாக்காவில் ரப்பர் காலூன்றியது 1896-இல், புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் நட்ட கன்றுகளோடு. அந்த மரங்களைச் சீவத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஊர்ச் சேதி கடிதத்தில்தான் வரும். 1946-இல் ரேடியோ மலாயா தொடங்கியபோது தமிழ் ஒலிபரப்பும் அதில் இருந்தது. 1948-க்குப் பிந்திய அவசரகாலத்தில் அரசே தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. உள்நாட்டு ஒலிபரப்பு போக, கடல் கடந்த தமிழுக்கும் ஏக்கம் இருந்தது. சிலோன் ரேடியோவும், அகில இந்திய வானொலி தென்கிழக்காசியாவுக்கென்று நடத்திய வெளிநாட்டுத் தமிழ்ச் சேவையும் சிற்றலையில் வந்தன. லயத்து வீட்டுக் கூரையிலிருந்து தென்னைக்கு நீளமாகக் கம்பி இழுத்தால் இரைச்சலுக்கு நடுவே குரல் பிடிபடும்.

தமிழ்நாட்டிலோ உள்ளூர் மக்கள் கேட்டது மத்திய அலை: சென்னை 720, திருச்சி 936, திருநெல்வேலி 1,197 கிலோஹெர்ட்ஸ். மத்திய அலை இரவில் வெகுதூரம் போகும் என்பது ஊரறிந்த சேதி. ஐரோப்பாவில் இரவு நேரத்தில் ஒரு நாட்டு நிலையத்தை இரண்டாயிரம் கி.மீ. தள்ளியிருக்கும் இன்னொரு நாட்டில் கேட்பது வாடிக்கை. திருநெல்வேலியிலிருந்து மலாக்காவுக்கு 2,800 கி.மீ.-தான், அதுவும் பெரும்பகுதி கடல். அப்படியிருந்தும் கடல் தாண்டிய தமிழுக்குச் சிற்றலையையே நம்ப வேண்டியிருந்தது. ஒலிபரப்பியின் சக்தி குறைவு, வேறு நிலையங்களின் குறுக்கீடு, வெப்பமண்டல மின்னல்களின் இரைச்சல் என்று காரணம் அடுக்கலாம். எல்லாம் உண்மை. அவற்றோடு யாரும் அதிகம் பேசாத ஒரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. அது அந்த 1,120.

இரவில் வானொலி அலை மேலேறி, 100 கி.மீ. உயரத்திலும் அதற்கு மேலும் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இறங்குகிறது. அயனி மண்டலம் என்றால் காற்றணுக்களிலிருந்து பிய்ந்த எலக்ட்ரான்கள் கட்டவிழ்ந்து திரியும் இடம். அவற்றில் ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். நொடிக்கு நூறு கி.மீ. வேகத்தில், ஒன்றரை சென்டிமீட்டர் ஆர வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு மைக்ரோநொடிகூட ஆகவில்லை. வட்டம் வடக்கு தெற்கான புலக்கோட்டைச் சுற்றியது. ஆகவே அதன் தளம் மேல்–கீழும் கிழக்கு–மேற்கும் கொண்டது. இப்போது மேற்கிலிருந்து ஒரு மத்திய அலை வருகிறது. ஒலிபரப்பியின் கோபுரம் செங்குத்தாக நிற்பதால் அலையின் மின்புலமும் பெரும்பாலும் மேலும் கீழுமாக ஆடுகிறது. எலக்ட்ரான் மேலேறும்போது மேலே தள்ளுகிறது, இறங்கும்போது கீழே தள்ளுகிறது. இரண்டின் தாளமும் ஏறக்குறைய ஒன்று. சுற்றுக்குச் சுற்று எலக்ட்ரான் அலையிடமிருந்து ஆற்றலை வாங்கிக்கொண்டே போகிறது. வட்டம் விரிகிறது. லாரன்ஸின் கருவிக்குள் நடப்பது இங்கே இரும்புமில்லாமல், செம்புக்கம்பியுமில்லாமல், வங்கக் கடலின் மேலே நடக்கிறது.

வாங்கிய ஆற்றல் அலைக்குத் திரும்பினால் நட்டமில்லை. ஆனால் எலக்ட்ரான் காற்று மூலக்கூறுகளில் போய் மோதுகிறது. 80 கி.மீ. உயரத்தில் ஒன்றிரண்டு சுற்றுக்குள் மோதல், 100 கி.மீ.-இல் சில பத்துச் சுற்றுகள் கழித்து. ஒவ்வொரு மோதலிலும் அலையிடமிருந்து வாங்கியது வெப்பமாகச் சிதறுகிறது. திருநெல்வேலிக் கோபுரம் கக்கிய ஆற்றலில் ஒரு பங்கு மேலே இருக்கும் மெல்லிய காற்றைச் சூடேற்றிவிட்டு ஓய்ந்துவிடுகிறது.

அலையின் மின்புலம் வடக்கு தெற்காக ஆடியிருந்தால்? எலக்ட்ரான் புலக்கோட்டின் வழியே முன்னும் பின்னும் அசையும். காந்த விசை எழாது, சுழற்சியோடு ஒத்திசைவும் கிடையாது, அலை தப்பித்துவிடும். அந்த மாதிரி அலையைச் செங்குத்துக் கோபுரம் அனுப்புவதில்லை என்பதுதான் துரதிர்ஷ்டம். ஐரோப்பாவில் புலம் செங்குத்துக்கு நெருக்கமாக நிற்பதால் இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக எழுவதில்லை. புலம் படுத்துக் கிடக்கும் காந்த நடுக்கோட்டுப் பகுதியில், கிழக்கு மேற்காகப் போகும் பாதைகளில்தான் இழப்பு உச்சத்துக்குப் போகிறது. மத்திய அலை இரவில் எவ்வளவு வலுவாகச் சேரும் என்று கணிக்கச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த முறையில் இதற்கென்றே ஓர் இழப்புக் கணக்கு உண்டு. அதைக் கொழும்பு–மலாக்கா போன்ற ஒரு பாதைக்குப் போட்டுப் பார்த்தால் முனைக்குப் பத்து டெசிபெல் அளவில் வருகிறது, அதாவது ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. அனுப்பும் முனை, வாங்கும் முனை இரண்டும் சேர்ந்தால் நூறில் ஒரு பங்கு. நம் துரதிர்ஷ்டம், தமிழ் பேசும் கரைகள் கடலுக்கு இருபுறமும் கிழக்கு மேற்காக அமைந்துவிட்டன.

சிற்றலை இந்தப் பொறியில் மாட்டுவதில்லை. 9 அல்லது 15 மெகாஹெர்ட்ஸ் அலை எலக்ட்ரானின் தாளத்தைவிடப் பத்து மடங்கு வேகமாக ஆடுகிறது. மேலே ஒரு தள்ளு தள்ளி, எலக்ட்ரான் நகரத் தொடங்குமுன்னே கீழே இழுத்துவிடும். வாங்கவும் நேரமில்லை, கொடுக்கவும் நேரமில்லை. தென்னைமரத்துக்குக் கம்பி இழுத்தவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. முள்ளைத் திருகித் திருகி எது கேட்கிறதோ அங்கே நிறுத்தினார்கள்.

எலக்ட்ரானை விட்டு மறுபடி புரோட்டானுக்கு வருவோம். விண்வெளியிலிருந்து பூமியை நோக்கி ஓயாமல் வரும் காஸ்மிக் கதிர்களில் பெரும்பாலானவை புரோட்டான்களே. 1 கிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள ஒரு புரோட்டான் மலாக்காவின் புலத்தில் 135 கி.மீ. ஆரத்தில் வளையும். பூமியின் அளவுக்கு முன்னால் அது ஒரு சின்ன வளையம். புலமோ பல்லாயிரம் கி.மீ. உயரத்துக்குப் பரவியிருப்பதால், அது வெகு தொலைவிலேயே திருப்பி அனுப்பப்பட்டுவிடும். 17 கிகா அளவில்தான் ஆரம் 1,300 கி.மீ.-ஐத் தாண்டுகிறது, அப்போதுதான் நேர் மேலிருந்து காற்று மண்டலம்வரை இறங்க வழி பிறக்கிறது. துருவத்தில் புலம் செங்குத்தாக நிற்கிறது. மேலிருந்து வருபவை புலத்தின் வழியிலேயே சறுக்கி இறங்கிவிடும், தடையே இல்லை.

புலம் பூமியின் நட்டநடுவில் மையம் கொண்டதுமில்லை. நம் பக்கம் கொஞ்சம் ஒதுங்கியிருக்கிறது. அதனால் காந்த நடுக்கோட்டிலேயே பெருவில் 13 கிகா அளவாக இருக்கும் தடை, தென்னிந்தியாவிலிருந்து மலாயாவரையான பகுதியில் 17 அளவுக்கு உயர்கிறது. உலகிலேயே உயரமான வேலி இங்கேதான்.

இந்த வேலியின் முதல் தடயம் நம் கடலில்தான் அகப்பட்டது. ஜாவாவின் பாண்டுங்கில் பேராசிரியராக இருந்த யாக்கோப் கிளே 1927-இல் கதிரளக்கும் கருவியோடு கப்பலில் ஹாலந்து போனார். வெப்பமண்டலக் கடலில் கதிர் குறைவு, வடக்கே போகப் போக அதிகம். காஸ்மிக் கதிர்கள் ஒளிபோன்றவை, மின்னூட்டமற்றவை என்று அமெரிக்காவின் மில்லிகன் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. மின்னூட்டம் இல்லாததைப் பூமியின் காந்தம் எப்படித் திருப்பும்? கிளேயின் எண்களை வெகுபேர் சட்டை செய்யவில்லை. 1932-இல் ஆர்தர் காம்ப்டன் உலகெங்கும் ஆட்களை அனுப்பி அளந்த பிறகுதான் வாதம் அடங்கியது. முதலில் அளந்தவரைவிடப் பெரிதாக அளந்தவருக்கே பேர் போயிற்று, அறிவியலில் இது புதிதல்ல.

இன்று இந்த வேலியைக் கண்காணிக்கும் பெருங்கருவிகளில் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் கிரேப்ஸ்-3 நிலையம், 560 சதுர மீட்டர் பரப்பில் ஆறு மீட்டர் நீள இரும்புக் குழாய்களை அடுக்கடுக்காக வைத்து, காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறப்பிக்கும் மியூவான் என்ற துகள்களை எண்ணுகிறது. நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான். 2015 ஜூன் 22-இல் சூரியனிலிருந்து கிளம்பிய காந்தமேறிய மேகம் ஒன்று பூமியில் மோதியபோது, ஊட்டியில் மியூவான் எண்ணிக்கை இரண்டு மணி நேரம் எகிறியது. வேலி தற்காலிகமாகத் தளர்ந்து, வழக்கமாகத் திரும்பிப் போக வேண்டிய துகள்கள் சில உள்ளே நுழைந்துவிட்டன என்று அக்குழு 2016-இல் விளக்கம் வெளியிட்டது.

இத்தனை பெரிய நிலையம் இல்லாமலே மலாக்காவில் ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். கதிரளக்கும் இரண்டு கைகர் குழாய்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்து, இரண்டும் ஒரே கணத்தில் துடித்தால் மட்டும் எண்ணும்படி ஒரு சுற்றை அமைத்தால் போதும். அது ஒரு திசையிலிருந்து வரும் துகளை மட்டும் எண்ணும். அதை 45 பாகை மேற்கே சாய்த்து நீரிணைப் பக்க வானத்தைப் பார்க்க வைத்துச் சில நாள் எண்ணுங்கள். பிறகு அதே அளவு கிழக்கே, ஜாசின் பக்கம் சாய்த்து அதே அளவு நாள் எண்ணுங்கள். இறங்கும் நேர்மின்னூட்டத் துகளைப் புலம் கிழக்கே திருப்புகிறது என்று முன்பே பார்த்தோம். ஆகவே துகள்கள் மேற்கிலிருந்து வருவதாகவே தோன்ற வேண்டும். மேற்கு எண்ணிக்கை கூடியிருக்க வேண்டும். இத்தாலியின் புரூனோ ரோசி 1930-இல் இதைக் கணித்தார். 1933-இல் மெக்சிகோ நகரில் இயற்பியலர் ஜான்சனும், காம்ப்டனின் மாணவர் ஆல்வரெஸும் அளந்து பார்த்தார்கள், மேற்குதான் கூடியது. காஸ்மிக் கதிர்கள் நேர்மின்னூட்டம் கொண்டவை என்பது அப்படித்தான் உறுதியானது. கடல்மட்டத்தில் வித்தியாசம் சிறிது, அதனால் பொறுமையாக எண்ண வேண்டும். இடி மின்னல் நேரத்தில் மட்டும் கருவியை நிறுத்தி வையுங்கள், பொய் எண்ணிக்கை ஏறிவிடும்.